மூன்றாவது காகிதம்

முதலில் ஒரு மானக்கேடான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம், தெருவே பார்த்துக்கொண்டிருக்க, நான் பசை வாளிக்குள் விரலை விட்டு நக்கினேன்.

உன் பதினாறாம் நாளுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்ட வந்திருந்தார்கள். உன் பால்வாடியில் மூக்கொழுகிக்கொண்டு திரிந்த பயல்கள்தான். இப்போது மீசையும் தொப்பையுமாக இருக்கிறார்கள். முதல் போஸ்டரை என் வீட்டு காம்பவுண்டுச் சுவரில்தான் ஒட்ட வேண்டும் என்று அவர்களே முடிவு செய்து வந்து நின்றார்கள். போஸ்டரில் உன் படம் ரேஷன் கார்டுக்கு எடுத்தது. வாழ்நாளில் ஒரு தடவைகூடச் சிரிக்காத பெண்பிள்ளை மாதிரி முறைத்துக்கொண்டிருந்தாய். அதைப் பார்த்து அழுவதற்குத்தான் முந்தானையை எடுத்தேன். அதற்குள் ஒருவன் வாளி மூடியைத் திறந்தான், அந்த வாசம் வந்துவிட்டது. மைதாவைக் கரைத்துக் காய்ச்சி ஒரு ராத்திரி வைத்த பசையின் வாசம். என் விரல் அதுபாட்டுக்கு உள்ளே போய்விட்டது. நாக்கில் வைத்த பிறகுதான் எனக்கு ஐம்பத்திரண்டு வயது என்பதும், தெருவில் ஆட்கள் நிற்கிறார்கள் என்பதும் நினைவுக்கு வந்தன.

"யத்தே, என்ன செய்யுதீங்க?" என்றான் வாளிக்காரன்.

"மயில்துத்தம் போட்டிருக்கான்னு பாத்தேம்லே."

"போட்டாத்தான் நீலமாத் தெரியுமே யத்தே."

"அது தெரியும்லே. இருந்தாலும் பாத்தேன்."

அவன் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தான். துக்கத்தில் அத்தைக்கு மூளை குழம்பிப்போச்சு என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். குழம்பவில்லை. துத்தம் போடாத பசை. லேசாக இனித்தது. அதை உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏன் என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். நான் பேசும்போது நீ குறுக்கே வராத முதல் சந்தர்ப்பம் இது. சுற்றிவளைத்து, என் இஷ்டத்துக்குத்தான் வருவேன்.

நாம் இருவரும் கோவில்பட்டியில் ஒரே பெஞ்சில் படித்தோம். ஒரே ஊருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டது தற்செயல். ஒட்டப்பிடாரம் போகிற வழியில், டவுன் பஸ் திரும்புகிற கரிசல்காட்டு ஊர். நீ பால்வாடி டீச்சர் ஆனாய். நான் சும்மா இருந்திருக்கலாம். பட்டப்படிப்பில் இங்கிலீஷ் தாளை மூன்றாவது முயற்சியில் தேறியவள் என்ன செய்வாள்? இங்கிலீஷ் மீடியம் நர்சரி ஆரம்பித்தாள். அதுவும் உன் பால்வாடிக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம். பெயர்ப்பலகையில் ஊர்ப் பெயரைவிட 'இங்கிலீஷ்' என்ற சொல்தான் பெரிதாக இருந்தது. பிள்ளைகளுக்கு டை, பெல்ட், ஷூ. அந்த வெயிலில் ஷூவைக் கழற்றினால் உள்ளே கால் வெந்திருக்கும். ஆனாலும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற தாய்மார்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்னிடம் கொண்டுவந்து விட்டார்கள். உன்னிடம் இருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக ரோட்டைத் தாண்டி என் பக்கம் வந்தன. நீ ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

என் நர்சரியில் ஒரு 'சயின்ஸ் கார்னர்' இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடி பீரோவுக்குள் ஒரு மணிச்சட்டம், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு காந்தம். பீரோவுக்குப் பூட்டு. சாவி என் இடுப்பில். பக்கத்துச் சுவரில் ராக்கெட் படம் போட்ட பெரிய சார்ட். "லுக் சில்ட்ரன், டோன்ட் டச்" என்பதுதான் நான் நடத்திய விஞ்ஞானப் பாடம் முழுவதும். காந்தம் இரும்பை இழுக்கும் என்பதை என் பிள்ளைகள் ஒப்பித்தார்கள். இழுத்ததை ஒருத்தரும் பார்த்ததில்லை. நானே பார்த்ததில்லை. காசு கொடுத்து வாங்கிய காந்தத்தின் சக்தி கரைந்துவிடும் என்று பயம்.

எதிரே உன் இடத்தில் என்ன நடக்கிறது என்று வேவு பார்க்க வருவேன். சாக்பீஸ் கேட்கிற மாதிரி, தண்ணீர் கேட்கிற மாதிரி. ஒருநாள் நீயே, "ஏட்டி, வெறுங்கையோட உள்ள வந்து உக்காந்து பாருட்டி, எத்தனை சாக்பீஸ்தான் வாங்குவ" என்று சொல்லிவிட்டாய். உட்கார்ந்தேன்.

நூல் மில்லில் தூக்கிப்போடுகிற காகிதக் கோன்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தன நாலு பிள்ளைகள். அது சரியும், மறுபடி அடுக்கும். ஒருத்தி இரண்டு சிரட்டைகளைக் கம்பில் கட்டித் தராசு செய்து, ஒரு துண்டு கடலைமிட்டாய்க்கு எத்தனை மருந்து வைக்காத தீக்குச்சி என்று போட்டுப் பார்த்தாள். எண்ணி முடித்ததும் தின்றுவிட்டாள். "ஆதாரத்தைத் தின்னுட்டியே" என்றாய் நீ. அவள் வாயைத் திறந்து காட்டினாள்.

முற்றத்தில்தான் பெரிய வேலை நடந்தது. பங்குனி சித்திரையில் நம் கரிசல் வெடிக்கிற வெடிப்பு உனக்குத் தெரியாததில்லை. அந்த முற்றத்து வெடிப்பில்தான் என் ஒற்றைக் கொலுசு போனது, இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த வெடிப்பைச் சுற்றிப் பிள்ளைகள் குப்புறப் படுத்துக்கிடந்தன. ஒரு கல்லை நூலில் கட்டி உள்ளே இறக்கினான் ஒருவன். "தட்டிருச்சு டீச்சர்!" என்று கத்தினான். தரை மட்டத்தில் நூலை விரலால் பிடித்துக்கொண்டு தூக்கினான். நீ வெட்டினாய். அந்த நூலைச் சுவரில் ஒட்டினார்கள். அதற்குப் பக்கத்தில் போன வாரத்து நூல், அதற்கு முந்தின வாரத்து நூல். எல்லாம் மேலே ஒரே மட்டத்தில் தொடங்கி, கீழே வாரத்துக்கு வாரம் நீண்டு தொங்கின.

"இதென்னட்டி, சுவர் பூரா நூலு? பேய் ஓட்டுதியா?" என்றேன்.

"வெடிப்பு வளருதுல்லா. அதை அளந்து வைக்குதோம்."

"நாலு வயசுக்கு அளக்கத் தெரியுமா?"

"ஸ்கேலுதான் தெரியாது. நெட்டை குட்டை தெரியும்லா? மழை பெஞ்சதும் பாரு, நூலு குட்டையாயிரும். அப்ப இதுக துள்ளுத துள்ளைப் பாக்கணும்."

ஒரு பொடிப்பயல் உன் சேலையை இழுத்து, "இன்னைக்கு மழை வரும் டீச்சர்" என்றான். நீ குனிந்து ரொம்ப மரியாதையாக, "எப்படித் தெரியும்?" என்று கேட்டாய். அவன் வானத்தைப் பார்த்தான், யோசித்தான். "தெரியாது டீச்சர், ஆசையா இருக்கு" என்றான்.

அந்தக் கேள்வியை நீ எல்லாரிடமும் கேட்பாய். அதட்டலாக இல்லை, அசல் ஆவலோடு. என்னிடமும் கேட்டாய். தெருமுக்கு வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள் என்று நான் மூச்சு வாங்க ஓடிவந்து சொன்னால், "எப்படித் தெரியும்?" என்பாய். அவள் பெட்டியோடு பஸ் ஏறியதை நான் பார்த்தேனா? இல்லை. பார்த்தது பக்கத்து வீட்டுக்காரி. அவள் பார்த்ததும் பெட்டியை மட்டும்தான். வம்பு பேசுகிறவளிடம் கேட்கவே கூடாத கேள்வி அது. உன்னால் என் தொழில் பாதி படுத்துவிட்டது.

இனி என் நர்சரிக் கட்டடத்தின் கதை. அதைக் கட்டியது என் கொழுந்தன். நல்ல மனுஷன்தான், கட்டடத்தைத் தவிர மற்றதிலெல்லாம். கரிசலில் வீடு கட்டினால் கீழே கெட்டியான சரளை மண் தட்டும்வரை குழி தோண்டி அஸ்திவாரம் போட வேண்டும் என்பது இங்கே ஆடு மேய்க்கிறவருக்கும் தெரியும். அவர் முழங்கால் அளவு தோண்டினார். "பிள்ளைகதான மதினி, கனமா என்ன இருக்கப்போவுது" என்றார். அந்த வருஷத்து முதல் மழை விழுந்ததும் பின்சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து தரை வரைக்கும் சாய்வாக ஒரு கோடு ஓடியது. நான் என்ன செய்தேன்? சயின்ஸ் கார்னரிலிருந்து ராக்கெட் சார்ட்டைக் கழற்றிக்கொண்டு வந்து, அதன்மேல் மாட்டினேன்.

நீ அன்று சாயங்காலமே கண்டுபிடித்தாய். "ராக்கெட் எதுக்குட்டி இங்கன வந்துச்சு?" என்று சார்ட்டைத் தூக்கிப் பார்த்தாய்.

"வெறும் பூச்சு வெடிப்புட்டி."

"எப்படித் தெரியும்?"

"கொழுந்தனாரு சொன்னாரு."

"அவியளுக்கு எப்படித் தெரியும்?"

மறுநாள் காலையில் பார்த்தால் உன் பால்வாடி மொத்தமும் ஒன்றின் சட்டையை ஒன்று பிடித்துக்கொண்டு, ரயில்வண்டியாக ரோட்டைக் கடந்து வருகிறது. மொத்தம் என்றால் ஒன்பது பிள்ளைகள். அவ்வளவுதான் நான் உனக்கு மிச்சம் வைத்திருந்தேன். முன்னால் நீ, கையில் சிரட்டை நிறைய பசை. கடைசிப் பெட்டி, இரண்டரை வயசு, விரலைப் பசையில் விட்டுச் சப்பிக்கொண்டு வந்தது.

"துத்தம் கித்தம் இருக்கப்போவுதுட்டி, நக்குதே!" என்று நான் பதறினேன்.

தீப்பெட்டி ஒட்டுகிற வீடுகளில் பசைக்கு மயில்துத்தம் போடாமல் இருக்க மாட்டார்கள். போடாவிட்டால் பூச்சி, எலி, எல்லாம் வந்து தின்றுவிட்டுப் போகும். அது விஷம்.

"இதுல போடலைட்டி. இதுக தொட்டுட்டு வாயில வைக்கும்னு தெரியும்லா. நம்ம பசை சுத்தச் சைவம்" என்றாய்.

விரலளவு அகலத்தில் கிழித்த ஐந்து காகிதத் துண்டுகள். முதல் துண்டில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, இப்படி ஐந்து வரைக்கும். வெடிப்பின் இந்தக் கரையில் ஒரு முனை, அந்தக் கரையில் மறு முனை என்று, தங்கள் கைக்கு எட்டுகிற உயரத்தில் பிள்ளைகள் குறுக்கே ஒட்டின. தெலுங்கு பேசுகிற வீட்டுப் பிள்ளை ஒன்று "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று எண்ணியது. மற்றதுகளும் அப்படியே எண்ணின. உன் அப்பா மில்லில் வாட்ச்மேனாக இருந்தபோது, வெடித்த சுவரில் இன்ஜினியர் கண்ணாடித் துண்டு ஒட்டிவைத்ததைப் பார்த்துவந்து உன்னிடம் சொன்னாராம். கண்ணாடி பிள்ளைகள் கைக்கு ஆகாது என்று நீ காகிதமாக மாற்றிக்கொண்டாய். சுவர் அசைந்தால் காகிதம் கிழியும். அசையாவிட்டால் கிழியாது. என் பிள்ளைகள், டை கட்டிய இருபத்தொரு பேரும், வாயைப் பிளந்து பார்த்தார்கள். அவர்கள் சுவரை அவர்களே தொட்டதில்லை.

"யாராச்சும் தெனமும் பாத்துச் சொல்லணும்" என்று சொல்லி, சுற்றிப் பார்த்து, இருபத்திரண்டாவது ஆளை நீ கூப்பிட்டாய். என் மகள். நாலு வயசு. உன் முற்றத்தில் குப்புறப் படுக்க ஏங்கியவள். நான்தான் ஷூ அழுக்காகும் என்று விடவில்லை. "பாப்பா, நீதான் சுவர் டீச்சர். காலைல வந்ததும் பாக்கணும். பாத்ததை மட்டும் சொல்லணும், கூட ஒண்ணும் சேக்கக் கூடாது. உங்கம்மா மாதிரி." கடைசி இரண்டு வார்த்தை எனக்கு. எனக்குக் கோபம்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன், சும்மா இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் நான் கதவைத் திறப்பேன். திறந்ததும் பிள்ளைகளுக்கு முன்னால் பின்வீட்டு வெள்ளாடு ஒன்று உள்ளே வந்துவிடும். என் நர்சரியில் ஃபீஸ் கட்டாத ஒரே மாணவி அது. அதை நான் விரட்டி முடித்துத் தண்ணீர்ப் பானையை நிரப்பி வருவதற்குள், மகள் சுவர் முன்னால் நின்று, ஒவ்வொரு காகிதமாக விரல் வைத்துப் பார்த்து, "கிழியலை, கிழியலை, கிழியலை" என்று ஐந்து தடவை சொல்லுவாள். எட்டு நாள் இப்படிப் போனது. ஒன்பதாம் நாளிலிருந்து அடைமழை.

குழந்தைகள் தினத்துக்கு நாலு நாள் இருந்தது. அந்த விழாவுக்காக நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். கோவில்பட்டியிலிருந்து ஒரு பெரிய டாக்டரைச் சிறப்பு விருந்தினராகப் பிடித்திருந்தேன். நான் இங்கிலீஷில் வரவேற்புரை வாசிப்பதாக இருந்தது. அதற்காகக் கண்ணாடி முன்னால் நின்று பாடம் பண்ணிக்கொண்டிருந்தேன். அன்று காலை, பானையை எடுத்துக்கொண்டு உள்ளே வருகிறேன், மகள் வாசலில் நிற்கிறாள்.

"அம்மா, மூணாவது பேப்பர் கிழிஞ்சிருச்சு."

ஓடிப்போய்ப் பார்த்தேன். மூன்று புள்ளி வைத்த காகிதத்தில் பாதியைக் காணோம்.

"நீ கிழிச்சியாட்டி?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாத. கிழிச்சியா?"

"நான் கிழிக்கலம்மா."

அறைந்துவிட்டேன். அந்த அறையைப் பற்றி இதுவரை எந்தக் கூட்டத்திலும் நான் சொன்னதில்லை. அவள் அலறியது ரோட்டைத் தாண்டி உனக்குக் கேட்டது. மாவுக் கரண்டியோடு மழையில் ஓடிவந்தாய். ஓடிவந்து சுவரைப் பார்க்கவில்லை, பிள்ளையைத்தான் பார்த்தாய். கன்னத்தில் என் விரல் பதிந்திருந்தது.

"கிழிச்சாளா?"

"இல்லைன்னு சாதிக்கா."

"அப்ப கிழிக்கலை." கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாய். பிறகுதான் காகிதத்தைப் பார்த்தாய். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். "ஏட்டி, இன்னைக்கே பிள்ளைகள வெளிய கூட்டு."

"விழா?"

"என் இடத்துல வை."

அப்போதுதான் என் வாயிலிருந்து அது வந்தது. "உனக்குப் பிள்ளை கொறஞ்சுபோச்சு. சூப்ரவைசரு மூடிருவேன்னு சொல்லிட்டாவ. அதுக்கு என் ஸ்கூலை மூடப் பாக்கியோ?"

அது உண்மையும்கூட. பிள்ளை எண்ணிக்கை இப்படியே போனால் உன் பால்வாடியைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். உன்னிடம் மிச்சமிருந்த ஒன்பதும், டைக்கும் பெல்ட்டுக்கும் வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள். பக்கத்து ஊர்வரை அதுகளை யார் கொண்டுபோய் விடுவது?

நீ என் மகளின் கன்னத்தைத் துடைத்துவிட்டாய். பிறகு, "ஆமாட்டி, கொறஞ்சுதான் போச்சு" என்றாய். "ஆனா இதுகள என் கணக்குல காட்ட மாட்டேன். உன் ரிஜிஸ்டர்லயே இருக்கட்டும், உன் போர்டை வேணா என் வாசல்ல மாட்டிக்கோ. இந்தச் சுவருகிட்ட ஒரு பிள்ளை இருக்கக் கூடாது."

சொல்லிவிட்டு என் நர்சரி வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாய். மடியில் என் மகள். மேலே ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக உன் தலையில். பிள்ளைகளைக் கொண்டுவந்து விட வந்த தாய்மார்கள் குடையோடு வேடிக்கை பார்த்தார்கள். நான் அறிவியலுக்குக் கட்டுப்பட்டு இறங்கிவந்தேன் என்று பிற்காலத்தில் பெருமையடித்துக்கொண்டேன். அது இல்லை. நீ நனைந்துகொண்டிருந்தாய். உனக்கு ஈளை இழுப்பு இருந்தது. அதுவும் போக, ஊர் பார்த்தது.

இருபத்திரண்டு பேரையும் ரோட்டைத் தாண்டிக் கூட்டிவந்தேன். பால்வாடி வாசலில் ஷூவைக் கழற்றச் சொன்னாய். கழற்றியதுதான் தாமதம், ஒன்றும் உள்ளே போகவில்லை. வெறுங்காலோடு முற்றத்துச் சேற்றில் இறங்கிவிட்டன. கோடையில் கல்லை இறக்கிய வெடிப்பு எங்கே என்று உன் பிள்ளைகள் என் பிள்ளைகளுக்குத் தேடிக் காட்டின. மூடிப்போயிருந்தது. ஒரு டை அதில் புதைந்தது. நன்றிகெட்ட பிள்ளைகள், அவ்வளவு சந்தோஷமாக நான் அவற்றைப் பார்த்ததே இல்லை.

இரண்டு நாள் கழித்து, காலை பதினோரு மணி இருக்கும். உள்ளே முப்பத்தியொரு பிள்ளையும் சேர்ந்து கோன் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தன. ஒரு சத்தம். இடி மாதிரி, ஆனால் தரையிலிருந்து. கோபுரம் சரிந்தது.

வாசல் பக்கம் இருந்த பிள்ளை, "டீச்சர், எதிர் ஸ்கூல் சுவர் விழுந்திருச்சு" என்றது.

நீ பதறி எழுந்தாய். அப்போதும், பழக்கதோஷம், "எப்படித் தெரியும்?" என்றாய்.

"முன் ஜன்னல் வழியா அங்கன வெறும் வானம் தெரியுது."

பின்சுவர் முழுசாக உள்பக்கம் விழுந்து, பெஞ்சுகளின் மேல் கிடந்தது. ராக்கெட் சார்ட்டின் ஒரு நுனி மட்டும் கல்லுக்கடியிலிருந்து எட்டிப் பார்த்தது. அந்த நேரம் என் நர்சரியில் ரைம்ஸ் நேரம். அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துத்தான் உட்காரவைப்பேன். நான் பிள்ளைகளை எண்ணினேன். இருபத்திரண்டு. நம்பாமல் மறுபடி எண்ணினேன். மூன்றாவது தடவை எண்ணும்போது எண் மறந்துபோய், தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து, பசை காய்ந்த கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாய். 'நான் சொன்னேன்லா' என்று அன்றைக்கு நீ சொல்லவில்லை. அதற்குப் பிறகும் ஒரு நாளும் சொல்லவில்லை. நானாக இருந்தால் வாரத்துக்கு ஒரு தடவை சொல்லியிருப்பேன்.

விழாவை உன் முற்றத்தில் நடத்தினோம். என் வரவேற்புரை எனக்கு மறந்துபோனது. டாக்டர் சிரட்டைத் தராசில் கடலைமிட்டாய் நிறுத்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. நான் நர்சரியை மறுபடி திறக்கவில்லை. பிள்ளைகள் உன் பால்வாடியிலேயே இருந்துகொண்டன. பால்வாடியை மூடுகிற பேச்சும் நின்றது. நான் தினமும் காலையில் வந்து, ஒரு வேலையும் கொடுக்கப்படாத டீச்சராக உன்னோடு உட்கார்ந்துகொண்டேன். பீரோவைக் கொண்டுவந்து பூட்டைக் கழற்றினோம். காந்தம் இரும்பை இழுப்பதை முப்பது வயதுக்குப் பக்கத்தில் முதன்முதலாகப் பார்த்தேன். பிள்ளைகளைத் தள்ளிவிட்டு நானே அரைமணி நேரம் விளையாடினேன் என்று நீ ஊரெல்லாம் சொன்னாய். பத்து நிமிஷம்தான்.

சுவர்க் கதையை நான் எத்தனை இடத்தில் சொல்லியிருப்பேன்! தாய்மார் கூட்டத்தில், சூப்ரவைசரிடம், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம். சொல்லச் சொல்ல மசாலா ஏறியது. கடைசியில் காகிதம் 'டர்ர்' என்று கிழிந்த சத்தத்தை நானே காதால் கேட்டதாக ஆகிவிட்டது. நீ ஓரமாக இருந்து, "சத்தம் கேட்டுச்சோ? எப்படித் தெரியும்?" என்பாய். அந்தக் காகிதத்தில் மட்டும் உனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. புதிதாக வேலைக்கு வந்த டீச்சர்களிடம் நீயே சொல்வாய்: "நாலு வயசுப் பிள்ளை, பாத்ததைப் பாத்தபடி சொன்னா. அம்புட்டுத்தான். இருவத்திரண்டு உசுரு."

போன மாசம் ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தேன். மேலே குளுக்கோஸ் பாட்டில். நான் அழுவதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன். நீ கண்ணைத் திறக்காமலே, "இன்னைக்கு நிமிஷத்துக்கு இருவத்திரண்டு சொட்டு. நேத்து பதினெட்டு" என்றாய். பழி வாங்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று, "எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "எண்ணுனேம்லா" என்றாய். பிறகு, "கடியாரம் உன் கைலதான் இருக்கு, நீயும் எண்ணு" என்றாய். சேர்ந்து எண்ணினோம். நீ தூங்கிய பிறகும் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டுதான்.

இப்போதும் வம்பு பேச வாயைத் திறந்தால் தொண்டையில் அந்தக் கேள்வி வந்து குறுக்கே உட்கார்ந்துகொள்கிறது, அன்று என் வாசற்படியில் நீ உட்கார்ந்த மாதிரி. பாதி வம்பை விழுங்கிவிடுகிறேன். மீதிப் பாதியைப் பேசத்தான் செய்கிறேன், நான் ஒன்றும் மகான் இல்லை. என் படுக்கையறைச் சுவரில் ஒரு கீறல் இருக்கிறது. அதன் குறுக்கே புள்ளி வைத்த ஐந்து காகிதம் ஒட்டியிருக்கிறேன். காலையில் காபிக்கு முன்னால் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்க்கிறேன். வீட்டுக்காரர் சிரிக்கிறார்.

சரி, இனி அந்த மயில்துத்தம்.

உன் பதினாறாம் நாளுக்கு மகள் வந்திருந்தாள். கோயம்புத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை பார்க்கிறாள். இந்த இடத்தில் 'அவள் பெரிய கட்டட இன்ஜினியர் ஆனாள்' என்று எழுத எனக்குக் கை துடிக்கிறது. நீ பார்த்துக்கொண்டிருப்பாய் என்பதால் எழுதவில்லை. சாயங்காலம் இருவரும் வாசலில் நின்றோம். ஒரு வெள்ளாடு என் காம்பவுண்டுச் சுவரில் முன்னங்காலை ஊன்றி, உன் போஸ்டரின் ஓரத்தை இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. உன் இடது காதும் தோளும் போய்விட்டன. நான் கம்பைத் தேடினேன். மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், கண்ணைத் துடைத்தாள்.

"அன்னைக்கும் இதேதாம்மா."

"எது?"

"மூணாவது பேப்பர். நீ தண்ணி எடுக்கப் போயிருந்த. அந்தப் பின்வீட்டு ஆடு உள்ள வந்து பசையை நக்குச்சு. அப்புறம் பேப்பரைத் தின்னுச்சு. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

கம்பு தேடுவதை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"ஏட்டி, அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"நீ கிழிச்சியான்னு கேட்ட, இல்லைன்னேன். எப்படிக் கிழிஞ்சதுன்னு யாருமே கேக்கலையே. டீச்சரும் கேக்கலை. தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டாவ. அப்புறம் சுவர் விழுந்திருச்சு, எல்லாரும் என்னைக் கொஞ்சுனீங்க. விட்டுட்டேன்."

"மத்த நாலு பேப்பரும்?"

"நாம வெளிய வரும்போது முழுசாத்தான் இருந்துச்சு. அதையும் யாரும் கேக்கலை."

ஊரையெல்லாம் கேள்வி கேட்ட நீ, அந்த ஒரு தடவை கேட்கவில்லை. பிள்ளை அழுதுகொண்டிருந்தது. கேட்டிருந்தால், ஆடுதானா என்று நீயும் சிரித்து, நானும் சிரித்து, இருபத்திரண்டையும் அந்தச் சுவரோரமே உட்காரவைத்திருப்பேன். நீ இதைத் தெரிந்துகொள்ளாமலே போய்விட்டாய். தெரியாமலே இருக்கட்டும் என்று ஒரு வாரம் நாக்கை அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

துத்தம் போட்ட பசையை ஆடு தொடாது.